ஐந்தையும் அடக்கும் பாலாமை: வாசகர் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே உயிரினத்தைப் பற்றியவை. வேளச்சேரி, சிட்லபாக்கம், புழல், மயிலாப்பூர் என்று ஊர்ப்பெயர்தான் மாறுகிறது, வர்ணனை மாறவில்லை. தட்டையான வழவழப்பான முதுகு, பன்றி மூக்கைக் குழாயாக இழுத்துவிட்டதுபோல் ஒரு மூக்கு, எதிர்பாராத அளவுக்கு நீளும் கழுத்து என்று எல்லாரும் எழுதியிருப்பது பாலாமையைத்தான். எனவே தேனீயும் மரங்கொத்தியும் அடுத்த இதழ் வரை பொறுத்திருக்கட்டும்; இம்முறை பக்கம் முழுவதையும் பாலாமைக்கே கொடுத்துவிடுகிறேன்.

*வேளச்சேரி வாசகி: மழைநீர் வடிந்த மறுநாள் காலையில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஓர் ஆமை கிடந்தது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று மாமியார் பதறினார். பக்கத்து வீட்டுக்காரர் அதை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டுபோய்ப் பெசன்ட் நகர்க் கடலில் விட்டுவிட்டு வந்தார். அது எங்கிருந்து வந்திருக்கும்? அவர் செய்தது சரிதானா?*

கடலில் விட்டது தவறு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்; அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆண்டுதோறும் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடற்கரையில் விடும் காட்சியைப் பார்த்துப் பழகிய சென்னைவாசிகளுக்கு, ஆமை என்றாலே கடலுக்குரியது என்று தோன்றிவிடுகிறது. பங்குனி ஆமையின் கால்கள் துடுப்புகள். குடிக்கும் கடல்நீரில் உள்ள மிகை உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகளின் வழியாக அது வெளியேற்றிவிடும். பாலாமைக்கு அந்தத் திறன் இல்லை. உப்புநீரில் விடப்பட்டால் உடலின் நீரை இழந்து மெல்லச் சாகும். காலைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும்: துடுப்பாக இருந்தால் கடல், விரலும் நகமும் சவ்வும் தெரிந்தால் ஏரி.

அது எங்கிருந்து வந்தது என்றால், அதிக தூரத்திலிருந்து வந்திருக்காது. வேளச்சேரி ஏரியும் தென்சென்னையின் இன்னும் பல ஏரிகளும் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. வெள்ளக் காலத்தில் இந்த நீர்நிலைகள் அனைத்தும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஆமையும் நீரோடு சேர்ந்து பயணம் செய்கிறது. நீர் வடிந்த பிறகு மேட்டில் தங்கிப்போனதைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இனி அப்படி ஒன்று வந்தால், ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்துவிட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கிண்டியில் அவர்களுடைய அலுவலகம் இருக்கிறது.

மாமியார் சொன்ன பழமொழிக்கு, 'ஆம்பி' என்னும் காளான்தான் பேச்சுவழக்கில் ஆமையாகிவிட்டது என்று விளக்கம் தருபவர்கள் உண்டு. ஈரம் ஏறிக் காளான் பூத்த வீடு உருப்படாது என்பது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பழைய சான்று எதையும் நான் கண்டதில்லை. அமீனாவைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை.

*அம்பத்தூர் வாசகர்: ஓடு இல்லாத ஆமை என்று இதைச் சொல்லலாமா? பாலாமை என்ற பெயர் எப்படி வந்தது?*

ஓடு உண்டு, உள்ளே எலும்பாக. நாம் பார்த்துப் பழகிய நட்சத்திர ஆமைக்கும் குளத்துக் காராமைக்கும் அந்த எலும்பின்மேல் நகம் போன்ற கடினமான செதில்கள் பதிந்திருக்கும். பாலாமை போன்ற மெல்லோட்டு ஆமைகளுக்கு அந்தச் செதில்கள் கிடையாது. எலும்பின்மேல் தோல் மட்டுமே போர்த்தியிருக்கும். விரல் நுனியால் தொட்டால் நனைந்த செருப்புத் தோலைத் தொட்டதுபோல் இருக்கும். இந்தக் குடும்பத்தின் அறிவியல் பெயருக்கு 'மூன்று நகத்தான்' என்று பொருள். ஒவ்வொரு காலிலும் விரல் ஐந்து இருந்தாலும் நகம் மூன்றில்தான் இருக்கும்.

சென்னைப் பகுதி ஏரி, தாங்கல்களில் இருக்கும் பாலாமையின் முதுகு பழுப்பு கலந்த பாசிப் பச்சை. வயிற்றுப்புறம் பால் நிறத்துக்கு வெளுத்திருக்கும். பெயர் அதனால்தான் என்று ஏரிக்கரை மக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதன் அறிவியல் பெயர் லிஸ்ஸெமிஸ் பங்டேட்டா. பங்டேட்டா என்றால் புள்ளி உடையது. ஆனால் நம் பக்கத்துப் பாலாமையின் முதுகில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. மஞ்சள் புள்ளிகள் தெளிவாகத் தெரிவது கங்கைச் சமவெளியில் வாழும் கிளையினத்தில்தான்.

தமிழ்நாட்டில் மெல்லோட்டு ஆமை இன்னொன்றும் உண்டு. காவிரி, பவானி, மோயாறு போன்ற ஆறுகளில் வாழும் லீத் மெல்லோட்டு ஆமை, அரை மீட்டருக்கும் மேல் வளரும் பெரிய ஆமை. பாலாமை முழுதாக வளர்ந்தாலும் 35 சென்டிமீட்டரை ஒட்டியே நின்றுவிடும். உலகப் பாதுகாப்புப் பட்டியலில் லீத் ஆமை மிக ஆபத்தான நிலையில் உள்ளதாகவும், பாலாமை அழியக்கூடிய நிலையில் உள்ளதாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன.

*மயிலாப்பூர் வாசகர் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): "ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல் ஆற்றின்" என்று மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன். மெல்லிய ஓடுடைய ஆமைக்கு ஐந்தடக்கல் சாத்தியமா?*

ஐயா, இந்தக் கேள்விக்கு விடை எழுத எனக்கு மிகுந்த விருப்பம். தலை, நான்கு கால்கள் என்னும் ஐந்தையும் அடக்குவது எல்லா ஆமைகளாலும் ஆகிற காரியம் அல்ல. கடலாமையால் தலையையோ துடுப்புகளையோ ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவே இயலாது. நட்சத்திர ஆமை தலையை உள்ளிழுத்து முன்கால்களைக் கதவுபோல் குறுக்கே வைத்துக்கொள்ளும்; கால்கள் வெளியே தெரியும். மெல்லோட்டு ஆமைகளிலும் லீத் ஆமை போன்றவற்றுக்கு வயிற்றுப்புறத்து ஓடு சிறியது; அவை அடக்கத்தை நம்புவதில்லை, வேகமான நீச்சலையும் கடியையுமே நம்புகின்றன.

பாலாமையோ இந்தக் குறளுக்காகவே படைக்கப்பட்டதுபோல் இருக்கிறது. அதன் வயிற்றுப்புறத்து ஓடான அடியோட்டின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் இரண்டு தோல் மடல்கள் உண்டு. பின்கால்களை உள்ளே இழுத்தவுடன் அந்த மடல்கள் மேலெழுந்து, பை வாயைச் சுருக்கியதுபோல் அவற்றை மூடிவிடும். அடியோட்டின் முன்பகுதி கீல் வைத்ததுபோல் சற்று மேலே மடங்கும். கழுத்தை வளைத்துத் தலையையும் முன்கால்களையும் உள்ளே கொண்டுபோனதும் முன்பக்கமும் அடைபடும். பிறகு கையில் இருப்பது சப்பையான ஒரு தோல் பொட்டலம் மட்டுமே. வள்ளுவர் எந்த ஆமையைக் கண்டு எழுதினார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் காட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமென்றால் பாலாமையின் படத்தையே காட்டலாம். வாலையும் சேர்த்தால் ஆறாகிறதே என்று எந்த மாணவனாவது கேட்டிருப்பானா என்பதை எனக்கு எழுதுங்கள்.

*சிட்லபாக்கம் வாசகர்: கோடையில் ஏரி வற்றிக் கட்டாந்தரையானபோது ஓர் ஆமைகூடக் கண்ணில் படவில்லை. மழை பெய்த சில நாட்களில் மறுபடியும் தலை நீட்டுகின்றன. நடுவில் எங்கே போகின்றன?*

பெரும்பாலும் எங்கும் போவதில்லை. நீங்கள் நடந்த கட்டாந்தரைக்கு அடியிலேயே இருக்கின்றன. நீர் குறையத் தொடங்கும்போது சில ஆமைகள் வேறு குளம் தேடிக் கரையேறி நடக்கும். மற்றவை ஈரச் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். மேலே சேறு காய்ந்து வெடித்தாலும் கீழே கொஞ்சம் ஈரம் தங்கியிருக்கும் ஆழத்தில், ஐந்தையும் அடக்கிக்கொண்டு, உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்தபடி, மாதக்கணக்கில் உணவில்லாமல் அவை காத்திருக்கின்றன. கோடை உறக்கம் என்று இதைச் சொல்கிறோம். அந்த மடல்களும் கீலும் பகைவரிடமிருந்து காப்பதற்கு மட்டும் அல்ல, உடலின் ஈரம் வெளியேறாமல் தடுப்பதற்கும் உதவுகின்றன. ஆற்றில் வாழும் மெல்லோட்டு ஆமைகளுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. ஆண்டில் பாதி நாள் வற்றிக் கிடக்கும் ஏரியில் குடியிருக்கும் பாலாமைக்குத்தான் அது தேவை. இதன் உடலமைப்பு, உணவு, முட்டை எதை எடுத்துக்கொண்டாலும், வற்றும் நீருக்கு ஏற்ப அமைந்த வாழ்க்கை இது என்பதை மறந்துவிட்டால் ஒன்றும் விளங்காது.

மதுராந்தகத்துக்கு அருகே ஒரு சிற்றூரில், மே மாதத்தில் ஏரியிலிருந்து வண்டல் மண் அள்ளுவதை ஒருமுறை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை ஆழத்தில் மண்வெட்டி எதிலோ தட்டியது. அள்ளியவர் அதை எடுத்துக் கரையில் போட்டார். காய்ந்த வறட்டி போலவே இருந்தது. ஒரு பெரியவர் குடத்திலிருந்து கைப்பிடி நீரை அதன்மேல் தெளித்துவிட்டுப் "பேசாம இருங்க, வரும்" என்றார். ஐந்து நிமிடம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு முன்பக்கத்தில் சேறு ஒரு கோடாகப் பிளந்தது; அந்தப் பிளவில் இரண்டு துளைகள் தெரிந்தன; அவற்றின் ஓரத்தில் ஒரு சிறு நீர்க்குமிழி உருண்டு, பெருத்து, உடைந்தது. அதுதான் மூச்சு. பெரியவர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நீர் நின்ற மதகுப் பள்ளத்தில் விட்டுவிட்டு வந்தார். ஏரியைத் தூர்வார வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இயந்திரத்தை இறக்கும்போது ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைத்து, அடுத்த ஆண்டு அதை எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்வேன்.

*பெரம்பூர் வாசகி (பத்தாம் வகுப்பு மாணவி): ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு என்று படித்தேன். பிறகு எப்படி இவ்வளவு நேரம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது?*

நுரையீரல்தான் முதன்மை. அதற்காகவே அந்தக் குழாய் மூக்கு: ஆழமில்லாத நீரில் சேற்றில் புதைந்தபடியே கழுத்தை மட்டும் நீட்டி, மூக்கு நுனியை நீர்மட்டத்துக்கு மேலே வைத்து மூச்சு விட்டுக்கொள்ளும். இவை தவிர, மெல்லோட்டு ஆமைகள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தோலின் வழியாகவும், தொண்டையின் உட்புறத்தில் உள்ள மெல்லிய நீட்சிகளின் வழியாகவும் ஓரளவு பெற்றுக்கொள்கின்றன. சீன மெல்லோட்டு ஆமையின் வாயைப் பற்றி 2012-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது: உடலின் யூரியாக் கழிவை அது சிறுநீரில் மிகச் சிறிதளவே வெளியேற்றி, பெரும்பகுதியை வாய் வழியாக வெளியேற்றுகிறது. நிலத்தில் இருக்கும்போதும் தேங்கிய நீரில் தலையை முக்கி வாய் கொப்பளிக்கும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு ஆமை மூழ்கிச் சாகாது என்று எண்ணிவிடாதே. வலையில் சிக்கித் திமிறும் ஆமைக்குத் தோல் தரும் ஆக்சிஜன் போதாது. மீன் வலைகளில் மூச்சுத் திணறிப் பாலாமைகள் இறப்பது உண்டு.

*திருவான்மியூர் வாசகர்: "மீன் பார்த்துப் பொரிக்கும், பறவை தொட்டுப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும்" என்று ஆன்மிகச் சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறேன். ஆமையின் நினைவுக்கும் முட்டைக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?*

தீட்சையின் மூன்று வகைகளை விளக்கச் சொன்ன அழகான உவமை அது, உவமையாகவே வைத்துக்கொள்வோம். பெண் பாலாமை கரையேறி, பின்கால்களால் மண்ணைப் பறித்து முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பினால் பிறகு அந்தப் பக்கம் வருவதில்லை. உருண்டையான, கடின ஓடுடைய முட்டைகள். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியவை. ஒரு முறைக்கு இரண்டு முதல் பதினாறு வரை, ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடும்.

ஆனால் நினைவைப் போன்ற ஒன்று முட்டைக்குள்ளேயே இருக்கிறது. பாலாமையின் கரு உடனே வளர்ந்துவிடுவதில்லை. இடையில் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும் இயல்பு அதற்கு உண்டு. பொரிய ஒன்பது மாதங்கள்கூட ஆகலாம். வற்றிய ஏரிக்கரையில் குஞ்சு வெளிவந்து என்ன செய்யும்? மண் நனைந்து நீர் வரும் காலத்தை ஒட்டி வெளிவருவதே அதற்கு நல்லது. திருவான்மியூர்க் கடற்கரை உங்களுக்கு அருகில் இருப்பதால் ஒரு வேறுபாட்டையும் சொல்கிறேன். பங்குனி ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. மெல்லோட்டு ஆமைக் குடும்பத்தில் இதுவரை ஆராயப்பட்ட இனங்களிலோ அது நம்மைப் போலவே மரபணுவால் அமைகிறது.

ஆமை ஆய்வு என்றதும் சென்னை வாசகர்கள் மறக்கக்கூடாத ஒரு பெயர் உண்டு. கிண்டி பாம்புப் பண்ணையில் பணியைத் தொடங்கிய ஜே. விஜயா, ஊர்வனவற்றை ஆராய்ந்த முதல் இந்தியப் பெண்ணாக அறியப்படுபவர். ஆமை இறைச்சி விற்கும் சந்தைகளுக்கு நேரில் போய்ப் பதிவு செய்தார். பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாதிருந்த ஒரு காட்டு ஆமையை 1982-இல் கேரளக் காட்டில் மீண்டும் கண்டறிந்தார். 1987-இல் இளம் வயதிலேயே மறைந்தார். 2006-இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு விஜயாகெலிஸ் என்று அவருடைய பெயரையே வைத்தார்கள்.

*புழல் வாசகர்: மண்புழு கோத்த தூண்டிலில் கெண்டைக்குப் பதிலாக ஆமை மாட்டிக்கொண்டது. முள்ளைப் பிடுங்கப் போன என் தம்பியின் விரலைக் கடித்துவிட்டது. நஞ்சு உண்டா?*

நஞ்சு இல்லை; காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரைப் பார்த்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். குளத்து ஆமைகள் நோய்க் கிருமிகளைச் சுமப்பது உண்டு. பாலாமை எதையும் உண்ணும்: தவளை, நத்தை, இறால், மீன், நீர்ச்செடி, செத்து மிதக்கும் உடல், மண்புழுவை விட்டுவைக்குமா? தம்பி அதைப் பக்கவாட்டில் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். அதன் கழுத்து முதுகின் நடுப்பகுதியையும் தாண்டிப் பின்னால் வரும். பிடித்தே ஆக வேண்டுமென்றால் பின்கால்களுக்கு மேலே, ஓட்டின் பின்விளிம்பில் பிடிக்க வேண்டும். முள் தொண்டைக்குள் போய்விட்டால் இழுக்கவே கூடாது. தூண்டில் நரம்பைக் கொஞ்சம் நீளம் விட்டு அறுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

*ஆவடி வாசகர்: மஞ்சள் நிற ஆமை என்று கைப்பேசியில் ஒரு படம் சுற்றுகிறது. உண்மையா, ஒட்டுவேலையா?*

உண்மைதான். 2020-இல் ஒடிசாவின் பாலேசுவரம் மாவட்டத்திலும், பின்னர் மேற்கு வங்கத்திலும் மஞ்சள் பாலாமைகள் கிடைத்தன. கருநிறமி இல்லாமல் பிறந்தவை அவை. தனி இனம் அல்ல.

*கொளத்தூர் வாசகர்: எங்கள் பகுதியில் அலங்கார மீன் கடைகள் அதிகம். அங்கே விற்கும் குட்டி ஆமைகளும் இவையும் ஒன்றா? ஏரியில் பிடித்த ஒன்றைத் தொட்டியில் வளர்க்கலாமா?*

கடைகளில் பச்சை ஓட்டோடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு தெரிய விற்கப்படுவது அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புக் காது ஆமை. அது வளர்ந்து தொட்டி போதாமற்போனதும் பலர் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்; நம் ஆமைகளின் உணவுக்கும் இடத்துக்கும் அது போட்டியாகிவிடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பாலாமையை வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கும் அதே முதல் அட்டவணையில் பாலாமையும் இருக்கிறது. பிடித்தாலோ வைத்திருந்தாலோ மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும், 2022 திருத்தத்தின்படி குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மெலிந்த குட்டி ஆமைக்கு இவ்வளவு பெரிய சட்டமா என்று தோன்றலாம். 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் கடத்தலுக்காக அடைத்துவைத்திருந்த 6,000-க்கும் மேற்பட்ட பாலாமைகளை ஒரே சோதனையில் காவல்துறை கைப்பற்றியது. ஒரு முறைக்குப் பதினாறு முட்டைக்கு மேல் இடாத உயிரினம் அந்தக் கணக்குக்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்?

*திருவல்லிக்கேணி வாசகி: கோயில் குளத்தில் விட்டால் பாதுகாப்பாக இருக்காதா? பொரி போடவும் ஆட்கள் இருக்கிறார்களே.*

கோயில் குளம் ஓர் ஆமையினத்தையே காப்பாற்றிய கதை உண்டு. கருப்பு மெல்லோட்டு ஆமை இயற்கையில் அற்றுப்போய்விட்டது என்று 2002-இல் அறிவிக்கப்பட்டது. அப்போதும் வங்கதேசத்தின் சிட்டகாங்கில் உள்ள பாயசீத் பொஸ்தாமி தர்காவின் குளத்தில் அவை இருந்தன. அசாமின் ஹாஜோவில் உள்ள கோயில் குளத்திலும் உண்டு. பக்தர்கள் தீண்டாமல் விட்டதால் பிழைத்தவை அவை. பிற்பாடு அசாமின் ஆறுகளிலும் சில கண்டறியப்பட்டன.

ஆனால் நம் ஊரில் நாமாகக் கொண்டுபோய் விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பொரி நீரைக் கெடுக்கும். ஆமைக்கு நத்தையும் தவளையும் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் படிக்கட்டு. நான்கு பக்கமும் கருங்கல் படியும் அடியில் சிமென்ட் தளமும் உள்ள குளத்தில் புதைந்துகொள்ளச் சேறும் கிடையாது, முட்டையிட மண்ணும் கிடையாது. இப்போது கரையைச் சுற்றிச் சிமென்ட் சரிவும் நடைபாதையும் போட்டு அழகுபடுத்தப்படும் ஏரிகளிலும் இதே நிலைதான். இடம் கிடைக்காத பெண் ஆமை, நாட்கணக்கில் அலைந்துவிட்டுக் கடைசியில் முட்டைகளை நீரிலேயே உதிர்த்துவிடும். நீரில் மூழ்கிக் கிடக்கும் முட்டை பொரியாது.